கூடாரத்துள் ஒரு மலை

எமது கல்லூரியின் விழாவையொட்டி, கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் தாம் வழங்கக் கருதியுள்ள நன்கொடைகளின் நிரலொன்றை அண்மையில் அனுப்பியிருந்தனர். நூல்நிலையத்துக்கு நூல்கள், ஆய்வுகூடத்துக்குக் கருவிகள், விடுதிக்கு நீர்த்தொட்டி என்றிவ்வாறு செல்லும் அந்நிரலின் ஈற்றிலே, "நெடுந்தூர ஓட்டக்காரர் உறங்குதற்கான மலைவளிக் கூடாரங்கள் இரண்டு" என்றொரு வரி இருந்தது. கூட்டத்திலே அதனை வாசித்தபோது சிலர் நகைத்தனர். சிலர், இதுவன்றோ விஞ்ஞானம் என வியந்தனர். எஞ்சியோர் அஃது யாதென அறியாமையால் வாளாவிருந்தனர். யான் நகைத்தவரோடுஞ் சேர்ந்திலேன், வியந்தவரோடுஞ் சேர்ந்திலேன். அத்தகைய கூடாரமொன்றினுள் ஓரிரவு படுத்தெழுந்தவன் என்னும் உரிமை பற்றி என் கருத்தை இம்மலரில் எழுதத் துணிந்தேன். நன்கொடையாளர் பொறுத்தருள்வாராக. அவ்விரண்டு கூடாரங்களும் எமது பிள்ளைகளுக்கு வேண்டா.

சில ஆண்டுகளின் முன் கனடாவிலே ரொறன்ரோ நகரில் வாழும் என் தமக்கை மகன் வீட்டிற் சில நாள் தங்கியிருந்தேன். அவனும் இக்கல்லூரியிற் பயின்றவனே. மாணவனாயிருந்த காலத்தில் ஓடுகளத்தின் பக்கமே தலைகாட்டாதவன், நாற்பது வயதிலே மரதன் ஓட்டத்திற் பெருவேட்கை கொண்டான். (நிரலின் ஈற்றுவரியை எழுதியவன் அவனே என்பது என் ஐயம்.) விருந்தினர் அறையிலே எனக்கென ஒதுக்கிய கட்டிலின்மீது நுளம்புவலை போன்று ஒரு கூடாரம் கட்டப்பட்டிருந்தது. அவன் மனைவி அதனைத் தம் படுக்கையறையுள் அனுமதித்திலள். ஆதலால் ஓட்டப் பயிற்சிக் காலங்களில் அவனே தன் வீட்டில் விருந்தினனாய் அவ்வறையில் உறங்குவானாம். எனக்காக அதனைக் கழற்ற முற்பட்டவனைத் தடுத்து, ஓரிரவு பார்ப்போம் என்றேன்.

கூடாரத்தின் துணி ஒளி ஊடுருவும்; காற்று ஊடுருவாது. அறைக்கு வெளியே வைத்த இயந்திரமொன்றிலிருந்து ஒரு குழாய் தலைமாட்டுக்கு வந்தது. இயந்திரத்தின் ஓசை, அயலூர்த் தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரம் இரவெல்லாம் ஓடுவது போன்றது. கேட்கக் கேட்கப் பழகிவிடுமென்றான், பழகவில்லை. நள்ளிரவுக்குமுன்னரே உள்ளே புழுக்கம் மிகுந்தது. மூச்சின் ஈரம் துணியின் உட்புறத்தே துளித்துளியாய் நின்றது. விரல்நுனியில் மாட்டிய சிறு கருவி, படுக்கும்போது குருதியின் ஒட்சிசன் நிறைவை 97 எனக் காட்டியது. இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தபோது 89. விழித்தது தற்செயலன்று. உயர்ந்த இடங்களில் உறங்குவோர்க்கு மூச்சு சிறிது நேரம் விரைந்து, பின் தளர்ந்து, சில கணம் நின்று மீளும் இயல்புண்டு. நின்று மீளுகையில் உறக்கம் கலையும். காலையில் தலை கனத்தது. "எப்படி மாமா, மலை?" என்று கேட்டான். "குளிருமில்லை, காட்சியுமில்லை, மலையின் மூச்சுமுட்டு மாத்திரம் இருக்கிறது" என்றேன்.

இக்கருவியின் இயல்பைச் சற்று விளக்குதல் வேண்டும். மலைமேலே வளியில் ஒட்சிசனின் பங்கு குறைவு எனப் பலர் எண்ணுவர். அது தவறு. கடற்கரையிலும் இமயத்திலும் அதன் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 21 தான். குறைவது வளியின் அமுக்கம். 2,500 மீற்றர் உயரத்தில் அமுக்கம் கடல்மட்டத்திலுள்ளதில் நான்கில் மூன்று பங்களவே. ஆதலால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்கு எட்டும் ஒட்சிசனும் அவ்வளவே. துணிக்கூடாரத்துள் அமுக்கத்தைக் குறைத்தல் இயலாது. எனவே அமுக்கத்தை விட்டுவிட்டு, ஒட்சிசனின் பங்கை நூற்றுக்குப் பதினைந்து அளவுக்கு இறக்கி, அவ்விடத்தை நைதரசனால் நிரப்புகின்றனர். வைத்தியசாலையிலே மூச்சுக் கஷ்டமுள்ளவர்க்கு வளியிலிருந்து ஒட்சிசனைப் பிரித்தளிக்கும் இயந்திரமும் இதுவும் ஒரே இனத்தன. ஆண்டு நோயாளிக்குக் கொடுப்பதை ஈண்டு புறத்தே விட்டு, எஞ்சியதை ஓட்டக்காரனுக்குக் கொடுக்கின்றனர். இதற்கு நேர்மாறான பொருளொன்றும் உண்டு. சிறுவர்க்கும் விளங்கப் பௌதிக நூல்கள் எழுதிய ஜோர்ஜ் காமோவின் மகன் இகோர் காமோவ், மலைநோய் கண்ட ஏறுநரை உள்ளே கிடத்தி, காற்றடித்து அமுக்கத்தை உயர்த்தும் பையொன்றை ஆக்கினார். ஒருவன் மலையிலிருந்து இறங்கப் பையுட் புகுகின்றான். மற்றவன் மலையேறக் கூடாரத்துட் புகுகின்றான்.

மூச்சு முட்டுவதால் வரும் நன்மை யாது? 1890 ஆம் ஆண்டிலே வியோல் என்னும் பிரெஞ்சு அறிஞர் பெரு நாட்டில் 4,000 மீற்றருக்கு மேலுள்ள மொரக்கொச்சா என்னும் சுரங்கவூருக்குச் சென்று தம் குருதியைத் தாமே சோதித்தார். ஒரு கனமில்லிமீற்றரில் ஐம்பது இலட்சமாயிருந்த செங்குருதிக் கலங்கள் மூன்று வாரத்தில் எண்பது இலட்சமளவாயின. அவ்வளவும் புதிதாய்ப் பிறந்தனவல்ல. குருதியின் நீர்ப்பகுதி வற்றியதும் ஒரு காரணமென இன்று அறிவோம். ஆயினும் உடல் ஒட்சிசன் குறைவை உணர்ந்து செங்கலங்களைப் பெருக்குகின்றது என்பது மெய். உணருமாறு எங்ஙனமென விளக்கியமைக்காகவே கேலின், ராற்கிளிஃப், செமென்சா என்னும் மூவர் 2019 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். உயிர்க்கலத்துள் ஒரு புரதம் இடைவிடாது ஆக்கப்படுகின்றது. ஒட்சிசன் போதியதாயின் உடனே அழிக்கப்படுகின்றது. குறையின் அழியாது நின்று, சிறுநீரகத்திலே எரித்திரோபொயற்றின் என்னும் ஓமோனைச் சுரக்கத் தூண்டுகின்றது. அவ்வோமோன் என்புமச்சைக்குச் சென்று செங்கலங்களை ஆக்குமாறு ஏவும்.

உலகத்தார் இதனைக் கண்ணாரக் கண்டது 1968 ஆம் ஆண்டிலே. ஒலிம்பிக் விழா நடந்த மெக்சிக்கோ நகரின் உயரம் 2,240 மீற்றர். பதினாயிரம் மீற்றர் ஓட்டத்தில் 27 நிமிடம் 39.4 செக்கன் என்னும் உலக சாதனையைக் கையில் வைத்திருந்த அவுஸ்திரேலியர் ரொன் கிளார்க், அங்கே ஆறாவதாக வந்து எல்லைக் கோட்டருகே நினைவிழந்து வீழ்ந்தார். வென்றவர் கென்யாவின் நப்தாலி தெமு. அவரது நேரம் 29 நிமிடம் 27.4 செக்கன். வென்றவனே கிளார்க்கின் சாதனையிலும் பார்க்க ஏறத்தாழ இரு நிமிடம் பிந்தினான் என்றால் அவ்வளியின் வறுமையை என்னென்பது! ஆயிரத்தைந்நூறு மீற்றரில் கென்யாவின் கிப்சோகே கெயினோவும், மரதனில் எதியோப்பியாவின் மாமோ உவோல்டேயும் வென்றனர். அன்றுதொட்டு மேனாட்டுப் பயிற்றுநர் மலையை நாடலாயினர்.

மலையில் ஒரு சிக்கலுண்டு. குருதி தடிக்கும், ஆனால் மூச்சு முட்டுவதால் வேகமாக ஓடிப் பயிலமுடியாது, கால்கள் மெத்தனமாகும். இதற்கு விடை கண்டவர் அமெரிக்கரான லெவைன், ஸ்ரே-கண்டர்சன் ஆகிய இருவர். 1997 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்விலே கல்லூரி ஓட்டக்காரர் 39 பேர் மூன்று கூட்டமாகப் பிரிக்கப்பட்டனர். யூற்றா மாநில மலைகளில் 2,500 மீற்றரில் வாழ்ந்து 1,250 மீற்றருக்கு இறங்கிவந்து பயின்றோர், மேலேயே வாழ்ந்து மேலேயே பயின்றோர், கீழேயே இருந்தோர் என்பன அம்மூன்று. நான்கு வாரத்தின் பின், மேலே வாழ்ந்த இரு கூட்டத்தார்க்கும் செங்கலங்கள் பெருகியிருந்தன. ஆனால் ஐயாயிரம் மீற்றர் ஓட்டம் விரைவுபட்டது முதற் கூட்டத்தார்க்கு மாத்திரமே. விரைவு சராசரி பதின்மூன்று செக்கன். சிறிதெனத் தோன்றும், ஓட்டப் பந்தயத்தில் அது பதக்கத்துக்கும் பார்வையாளர் வரிசைக்கும் இடையிலுள்ள தூரம்.

உயரத்தில் வாழ்க, தாழ்வில் பயில்க என்பது அன்றுதொட்டு ஒரு மந்திரமாயிற்று. ஆனால் மலையே இல்லாத நாட்டார் என்செய்வர்? பின்லாந்தினர் 1990களின் தொடக்கத்திலேயே நைதரசன் மிகுந்த வளியை நிரப்பிய வீடுகளைக் கட்டி அவற்றுள் வீரரை உறங்கச் செய்தனர். அவுஸ்திரேலியர் கன்பெராவில் அத்தகைய வீடொன்றை அமைத்தனர். அவ்வீடு சுருங்கிச் சுருங்கி ஈற்றில் ஒரு கட்டிலளவு கூடாரமாயிற்று. பனையில் ஏறினாலன்றி உயரம் என்பதையே காணாத எமது குடாநாட்டார்க்கு அக்கருவி கவர்ச்சியாய்த் தோன்றுவதில் வியப்பில்லை.

கூட்டத்திலே நகைத்தவருள் ஒருவர், இது கள்ளத்தனம், ஊசிமருந்துக்கும் இதற்கும் வேற்றுமை யாது என்றார். அவர் தனித்தவரல்லர். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் 2006 ஆம் ஆண்டில் இக்கேள்வியை ஆராய்ந்தபோது, அதன் அறநெறிக் குழு இம்முறை விளையாட்டின் உள்ளுணர்வுக்கு மாறானதென்றே கருதிற்று. வீரன் தன் முயற்சியின்றி, உறங்கிக்கொண்டே, பொறியொன்றின் தயவாற் பலம் பெறுகின்றான் என்பது வாதம். ஆயினும் அவ்வாண்டு செப்டெம்பரில் முகவரகம் அதனைத் தடைப்பட்டியலிற் சேர்ப்பதில்லை எனத் தீர்மானித்தது. நோர்வே நாட்டு விளையாட்டுத் துறையினரோ தம் வீரர்க்கு நெடுங்காலம் இதனைத் தடைசெய்திருந்தனர்.

யான் முகவரகத்தின் முடிவையே சரியெனக் கொள்வேன். முயற்சியின்றிக் கிடைப்பது எல்லாம் குற்றமாயின், பிறப்பே பெருங்குற்றமாகும். ஈரோ மந்திராந்தா என்னும் பின்லாந்துப் பனிச்சறுக்கு வீரர் ஒலிம்பிக் விழாக்களில் மூன்று பொன் உட்பட ஏழு பதக்கம் வென்றவர். அவரது குடும்பத்தில் எரித்திரோபொயற்றினை ஏற்கும் உறுப்பிலே பரம்பரைப் பிறழ்வொன்று இருந்ததைப் பின்னர் கண்டனர். அதனால் அவர் குருதி பிறப்பிலேயே மற்றையோர் குருதியினும் மிகச் செறிந்தது. கென்யாவின் இத்தேன் ஊரிலே ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்திற் பிறந்த பிள்ளைக்கு அவ்வளி இலவசம். ஊசியால் ஏற்றும் ஓமோனுக்கு எல்லையில்லை. மிகின் குருதி கூழாகி இதயத்துக்கும் மூளைக்கும் ஊறு வரும். கூடாரம் உடல் தானே சுரப்பதைச் சிறிது தூண்டுவது; அதன் எல்லையை உடலே வகுக்கும். கூடாரக்காரனை யான் கள்வன் என்னேன். என் குறை வேறு. அவன் கொடுத்த விலைக்கு அவன் வாங்கிய பொருள் உண்டோ என்பதே அது.

யூற்றா ஆய்விலே ஒரு குறையுண்டு. அதனை ஆய்வாளர் மீது ஏற்றுதல் தகாது. மலையில் வாழ்பவனுக்குத் தான் மலையில் வாழ்வது தெரியும். தெரிந்தவன் நம்புவான், நம்பியவன் நன்றாய் ஓடுவான். செயற்கை வளியிலோ இதை மறைத்தல் கூடும். 2012 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், சீபன்மான் என்பாரும் பிறரும் பயிற்சிமிக்க வீரர் பதினாறு பேரைப் பிரான்சிலே பிரெமனோன் என்னுமிடத்தில் நான்கு வாரம், நாளொன்றுக்குப் பதினாறு மணிநேரம், அறைகளுள் வைத்தனர். பத்துப் பேர் அறைகளில் 3,000 மீற்றருக்கு ஒத்த வளி. அறுவர் அறைகளில் சாதாரண வளி. எவர்க்கு எதுவென வீரரும் அறியார், சோதித்தவரும் அறியார். முடிவில் குருதியின் ஈமோகுளோபின் தொகையிலோ, ஒட்சிசனை உட்கொள்ளும் ஆற்றலிலோ, துவிச்சக்கரவண்டி ஓட்டுந் திறனிலோ இரு கூட்டத்தாரிடையே வேற்றுமை காணப்படவில்லை. பதினாறு பேர் சிறுதொகை என்பது உண்மை; வேறு ஆய்வுகள் ஓரளவு பயனைக் கண்டதும் உண்மை. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த அவுஸ்திரேலியர் கோரும் பிறரும் 2013 இல் தந்த கணக்கு, நூறு மணிநேரத்துக்கு ஈமோகுளோபின் நூற்றுக்கு 1.1 அளவு கூடும் என்பது. அக்கணக்கை ஏற்பினும், ஓர் இரவுக்கு ஏழு மணிநேரம் உறங்குபவனுக்கு நூறு மணிநேரமாவதற்கு இரு வாரம் செல்லும். அறிந்தோர் விதிக்கும் அளவோ நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரத்துக்குக் குறையாது மூன்று நான்கு வாரம். பாடசாலைப் பிள்ளை பன்னிரண்டு மணிநேரம் கூடாரத்துட் கிடப்பின் பாடம் எப்போது, பந்து எப்போது, கோயில் எப்போது?

என் மருமகனின் கதையும் இதற்குச் சான்று. கூடாரத்தில் மூன்று மாதம் உறங்கியபின் மரதனை நான்கு நிமிடம் விரைவாக ஓடிமுடித்தான். யான் குறுக்குவிசாரணை செய்தேன். அம்மூன்று மாதத்தில் வாரத்துக்கு இருபது கிலோமீற்றர் அதிகம் ஓடினானாம். பின்னிரவுவரை தொலைக்காட்சி பார்ப்பதை விட்டானாம்; கூடாரத்துள் தொலைக்காட்சி இல்லையே! கூடாரம் விற்றவர் முதலிற் குருதியைச் சோதிக்கச் சொன்னதனால், இரும்புச்சத்துக் குறைவு தெரியவந்து மாத்திரையும் உட்கொண்டானாம். இந்நான்கு நிமிடத்தில் நைதரசனுக்கு உரிய பங்கு எத்தனை செக்கன் என எவரால் பிரித்துச் சொல்லமுடியும்?

மலைவளியே ஓட்டக்காரனை ஆக்குமெனின் நேபாளமும் பொலிவியாவும் பெருவும் ஒலிம்பிக் நெடுந்தூர ஓட்டங்களைத் தம்முட் பங்கிட்டுக் கொண்டிருத்தல் வேண்டும். அவ்வாறு நடக்கவில்லை. மலைவாழ்நர் யாவர்க்கும் குருதி ஒரேவகையிற் செறிவதுமில்லை. அந்தீஸ் மலையினர்க்குச் செறிகின்றது. அதே உயரத்தில் வாழும் திபெத்தியர் பலர்க்கோ ஈமோகுளோபின் கடல்மட்டத்தார் அளவிலேயே நிற்கின்றது. கென்யரின் வெற்றியில் மலைக்குப் பங்குண்டு. இளமை தொட்டு ஓடும் வாழ்வுக்கும், ஓடி முன்னேறியோரைக் கண்முன் காணும் ஊருக்கும், கூட்டமாய்ப் பயிலும் வழக்கத்துக்கும் பங்குண்டு. பின்னவற்றைக் குழாயிற் கொணரும் இயந்திரம் இன்னும் வரவில்லை.

சிலர் கேட்கக்கூடும்: எமது தீவில் மெய்யான மலை இருக்கின்றதே, பிள்ளைகளை நுவரெலியாவுக்கு அனுப்பினாலென்ன? நுவரெலியாவின் உயரம் ஏறத்தாழ 1,870 மீற்றர். 2014 இல் சப்மனும் பிறரும் ஓட்டக்காரரை நான்கு வெவ்வேறு உயரங்களில் வாழச்செய்து பார்த்தபோது 2,085, 2,454 மீற்றர்களில் வாழ்ந்தோரே முன்னேறினர். 1,780 இல் வாழ்ந்தோரும் முன்னேறவில்லை, 2,800 இல் வாழ்ந்தோரும் முன்னேறவில்லை. எமது மலைநகர் விளிம்பிலே நிற்கின்றது. பிதுருதலாகலையின் உச்சி 2,524 மீற்றர், கச்சிதமான உயரம். ஆனால் அங்கே விடுதி கட்ட எவரும் விடார். குளிர்ந்த காற்றில் ஓடிப்பழக நுவரெலியா நன்று, அவ்வளவே.

இனி எமது பிள்ளைகளைப் பார்ப்போம். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணிநேர உறக்கம் வேண்டுமென வைத்தியர் கூறுவர். விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தனியார் வகுப்புக்குத் துவிச்சக்கரவண்டியிற் செல்லும் எமது பிள்ளை, இரவு பதினொரு மணிக்குப் புத்தகத்தை மூடினால் அவனுக்கு எஞ்சுவது எத்தனை? அமெரிக்காவில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலே சேரி மா என்பார், கூடைப்பந்தாட்ட வீரர் பதினொருவரைச் சில வாரம் இரவுதோறும் பத்து மணிநேரம் படுக்கையில் இருக்கச் செய்து பார்த்தார். 2011 இல் வெளிவந்த அவ்வாய்வின்படி அவர்கள் ஓட்டமும் விரைந்தது, பந்தெறியும் குறியும் நூற்றுக்கு ஒன்பதளவு கூடிற்று. ஒப்புநோக்க வேறு கூட்டம் அதில் இல்லையென்பது குறைதான்; ஆயினும் அதற்குச் செலவு ஒரு சதமுமில்லை, இரண்டு மணிக்கு எவரும் மூச்சுமுட்டி விழிக்கவுமில்லை. ஏற்கெனவே ஐந்து மணிநேரமே உறங்கும் பிள்ளையை, அவ்வைந்தையும் துண்டுதுண்டாக்கும் கூடாரத்துள் இடுவது எந்த விஞ்ஞானம்?

மின்சாரத்தையும் மறவாதீர்கள். 2022 ஆம் ஆண்டிலே நாம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேலும் இருளில் இருந்ததுண்டு. கூடாரத்துள் இயந்திரம் இடைவிடாது புதுவளியைத் தள்ளுவதாலேயே உறங்குவோன் வெளிவிடும் காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. மின்சாரம் நின்றால் அது உள்ளே சேரும். என் மருமகன் வீட்டில் எச்சரிக்கை மணி இருந்தது; விழித்துத் திறக்க வளர்ந்த மனிதன் இருந்தான். விடுதியிலே அயர்ந்துறங்கும் பிள்ளைக்குப் பொறுப்பாளர் யார்?

இரும்புச்சத்தும் ஒன்று. இரும்பில்லையேல் ஈமோகுளோபின் இல்லை. சேமிப்புக் குறைந்தவனை எவ்வுயரத்தில் வைத்தாலும் அவன் என்புமச்சை வெறுங்கையோடிருக்கும். எமது விடுதியின் உணவு சைவ உணவு. பயறு, கடலை, கீரை இவற்றிலுள்ள இரும்பு உடலிற் சேர்வது மந்தம். தேசிக்காயோ நெல்லிக்காயோ சேர்த்துண்டால் நன்கு சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் தடைப்படும். எமது பிள்ளைகள் செய்வது பின்னதையே. ஓட்ட அணியினரின் குருதியை ஆண்டுக்கொருமுறை சோதித்து, குறைவுள்ளவர்க்கு வைத்தியர் சொற்படி மருந்தளிப்பதற்கு, அவ்விரு கூடாரங்களின் விலையான சில ஆயிரம் டொலர் பல்லாண்டுக்குப் போதும்.

இவற்றையெல்லாம் சென்ற வாரம் தொலைபேசியிலே மருமகனிடம் சொன்னேன். நிரலில் அவ்வரியை எழுதியது தானே என ஒப்புக்கொண்டான். கோபித்தானல்லன். "அப்படியென்றால் அந்தக் காசுக்கு என்ன செய்யலாம், மாமா?" என்றான். குருதிச் சோதனை, விடுதியின் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் தேநீருக்குப் பதிலாய்த் தேசிக்காய்த் தண்ணீர், மழைக்காலத்திற் சேறாகாத ஓடுகளம், ஓட்டக்காரப் பிள்ளைகளுக்கு விடியற்காலை வகுப்பிலிருந்து விடுதலை என்று அடுக்கினேன். முதல் மூன்றையும் நிரலில் மாற்றி எழுதுவதாகச் சொன்னான். நாலாவது காசுக்கு வாங்கக்கூடியதல்ல, அதற்குப் பெற்றோரைத்தான் கேட்கவேண்டும் என்றான்.

அவனுடைய கூடாரம் இப்போது விருந்தினர் அறையில் இல்லையாம். பின்வளவில் அவன் சின்னமகள் பொம்மைகளோடு அதனுள் வீடு கட்டி விளையாடுகிறாளாம்; குழாய் மாத்திரம் கழற்றியாயிற்று.